அம்மாவின் இடக்கை

எங்கள் வீட்டுக் கழிப்பறையில், உட்கார்ந்த இடத்திலேயே நீர் பீய்ச்சிக் கழுவிவிடும் ஆசனம் ஒன்றைப் பொருத்திய கதையை எழுத முற்பட்டிருக்கிறோம். குடும்ப இதழில் இப்படியும் ஒரு பொருளா என்று வாசகர் சிலர் புருவம் நெரிக்கலாம். அந்தக் கூச்சம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் முதியவரோ நோயாளியோ உள்ள வீடுகளில் நாள் தவறாது நிகழும் இச்செயலைப் பற்றி, கூச்சத்தின் பொருட்டே ஒருவரும் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்பார் இல்லாமையால் அறிந்தவரும் சொல்வதில்லை. நாங்கள் பட்ட அலைச்சலில் பாதி இதனால் விளைந்தது. மற்றப் பாதி எங்கள் சொந்த அவசரத்தால் விளைந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் கண்டது. அம்மா என்றால் எங்களுள் ஒருவரைப் பெற்றவர்கள், மற்றவருக்கு அத்தை. அப்போது அவர்களுக்கு வயது 74. தூத்துக்குடியில் பிறந்து தூத்துக்குடியிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, மீன்காரியிடம் வழக்காடி விலை குறைத்து, நாளெல்லாம் நின்றபடியே வேலை செய்து பழகிய உடம்பு. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியபோது பேச்சு ஏறக்குறைய முழுமையாக மீண்டிருந்தது. வலக்கால் இழுத்து இழுத்தேனும் நடந்தது. வலக்கை மட்டும் மீளவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, தமக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளைச் சுமப்பதுபோல் அதை அவர்கள் சுமந்து திரிந்தார்கள்.

நம் மக்கள் கழிப்பறையில் இரு கைகளையும் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. வலக்கை குவளையைப் பிடித்து நீர் வார்க்கிறது, இடக்கை கழுவுகிறது. சுவரில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட் வந்த பின்பும் இம்முறை மாறிவிடவில்லை. ஒரு கை அதை அழுத்திப் பிடித்திருக்க, மறு கை தன் வேலையைச் செய்கிறது. ஒரு கை போய்விட்டால் எஞ்சிய கை இவ்விரண்டில் ஒன்றைத்தான் செய்ய இயலும். அம்மாவுக்கு எஞ்சியது இடக்கை. உட்காரவும் எழவும் சுவரைப் பற்ற வேண்டியதும் அதே கைதான். ஆகவே எங்களுள் மருமகளாக இருப்பவர் ஒவ்வொரு முறையும் உடன் சென்று உதவுவது என்று ஏற்பாடாயிற்று.

முகம் கோணாமல் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையுங்கூட. ஆனால் செய்பவரின் முகம் கோணாமல் இருக்க வேண்டுமே என்பதில் கருத்தாக இருந்த நாங்கள், செய்துகொள்பவரின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

மூன்றாம் வாரம் இரவு உணவு வேண்டாம் என்றார்கள். மாத்திரைகளால் பசி மந்தித்துவிட்டது என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். பிறகு மாலைக் காப்பியும் நின்றது. கட்டிலருகே வைத்த தண்ணீர்ச் செம்பு காலையில் வைத்தபடியே இருந்தது. அக்டோபரில் குளிரும் காய்ச்சலும் வந்தன. சோதித்துப் பார்த்த மருத்துவர், சிறுநீரில் தொற்று என்று கூறி, நாளொன்றுக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா உடனே விடை சொல்லவில்லை. பிறகு எங்களைப் பாராமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள்: "தண்ணி குடிச்சா திரும்பத் திரும்ப அவளையில்லா கூப்பிடணும்."

அன்று வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில் எவரும் பேசவில்லை.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்திருந்தது. ஓர் இரவு, எங்களை எழுப்ப மனமின்றி, நான்கு கால் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு அம்மா தாமே கழிப்பறைக்குச் சென்று, அந்த ஒரு கையாலேயே எப்படியோ சமாளித்துத் திரும்பியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் தட்டிலிருந்த இட்டிலியை அவர்கள் தொடவில்லை. கரண்டி கொடுத்தோம், அதைப் பிடிக்க வேண்டியதும் அதே கை அல்லவா? "சாப்பிடுறதும் இந்தக் கை, கழுவுறதும் இந்தக் கையா மக்கா?" என்று கேட்டார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையில் என்ன குறை என்று நாங்கள் எடுத்துரைத்தோம். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் உண்ணவில்லையா என்றோம். இவையெல்லாம் நல்ல வாதங்களே. ஆனால் இடக்கையால் பிறருக்கு ஒரு வெற்றிலையைக்கூட நீட்டியறியாத ஒருவருக்கு 74ஆம் வயதில் இந்த வாதங்களால் ஆவது ஒன்றுமில்லை. அன்றுமுதல் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து உண்பதை விட்டுவிட்டார்கள். தட்டு அவர்களுடைய அறைக்குப் போயிற்று. எங்களுள் ஒருவர் ஊட்டினால் நான்கு வாய். இல்லையேல் அதுவும் இல்லை.

இனித் தாமதிக்கலாகாது என்று ஆசனம் தேடப் புறப்பட்டோம். அவசரத்தின் விளைவை இங்கே சொல்லிவிடுகிறோம். கைப்பேசியில் கண்ட விளம்பரத்தை நம்பி ஏறத்தாழ 4,000 ரூபாய்க்கு ஒன்றை வருவித்தோம். மின்சாரம் வேண்டாத வகை அது. ஃப்ளஷ் தொட்டிக்கு நீர் வரும் ஆங்கிள் வால்வில் ஒரு டீயை முடுக்கி, அதிலிருந்து சிறு குழாயை ஆசனத்துக்குக் கொடுத்தால் போதும். பக்கத்திலுள்ள திருகைத் திருப்பினால் நீர் வரும். பிளம்பர் அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டார். நாங்கள் இருவரும் மாறி மாறித் திருகிப் பார்த்து மகிழ்ந்தோம். எதனால் திருகினோம்? எங்கள் வலக்கைகளால். அந்தத் திருகு ஆசனத்தின் வலப்புறத்தில் இருந்தது! அம்மா உட்கார்ந்து, இடக்கையை மடிமீது குறுக்காக நீட்டித் திருகை எட்ட முயன்றபோதுதான் எங்கள் அறிவீனம் எங்களுக்கு விளங்கிற்று. உடல் ஒருபக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தார்கள்.

போதாக்குறைக்கு நீரின் வேகமும் போதவில்லை. வேகம் இருந்த ஓரிரு வாரமும் விரைவில் கழிந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, நீர் பீய்ச்சும் முனையின் நுண்துளைகளை வெண்மையாகப் பூத்து அடைத்துவிட்டது. அந்த ஆசனம் இப்போது பரணில் இருக்கிறது.

இரண்டாம் முறை நாங்கள் அவசரப்படவில்லை. இக்கருவிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தோம். இவற்றுக்கு இன்று வழங்கும் பெயர் 'பிடே' என்பது. அது பிரெஞ்சுச் சொல். குட்டைக் குதிரை என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் செல்வர் வீடுகளில் தோன்றிய தனித் தொட்டியின்மீது, குதிரைமேல் ஏறுவதுபோல் இருபுறமும் கால்போட்டு அமர்ந்தமையால் இப்பெயர் வந்ததாம். இத்தாலியில் 1975ஆம் ஆண்டின் அரசாணை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலேனும் இத்தொட்டி இருந்தாக வேண்டும் என்று விதித்தது. ஆனால் எங்கள் மனத்தைத் தொட்டது அந்தத் தொட்டியின் கதையன்று. அது கழிப்பறை ஆசனத்தோடு ஒன்றான கதை. அமெரிக்காவில் புரூக்ளினைச் சேர்ந்த ஆர்னால்டு கோகன் என்பவர் நோயுற்ற தம் தந்தைக்காக இப்படியோர் ஆசனத்தைச் செய்து, பின்னர் 1964இல் அதற்கென ஒரு நிறுவனமே தொடங்கினார். அதே ஆண்டில் ஜப்பானின் டோட்டோ நிறுவனம் அத்தகைய ஆசனத்தை மருத்துவப் பயன்பாட்டுக்காக அந்நாட்டுக்கு இறக்குமதி செய்தது. நீரின் சூடு ஒரு நிலையில் நில்லாமலும், பீய்ச்சும் திசை தவறியும் அது தொல்லை கொடுத்ததால், அவர்களே ஆய்ந்து 1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'வாஷ்லெட்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார்கள். நீர் எந்த இடத்தில் பட வேண்டும் என்று அறிவதற்குத் தம் ஊழியர்கள் 300 பேருக்கு மேற்பட்டோரை உட்கார வைத்து அளவெடுத்தார்களாம். 43 பாகைச் சாய்வு, 38 பாகை செல்சியசு வெப்பம் என்ற கணக்குகள் அப்படி வந்தவையே. இன்று ஜப்பானிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் இவ்வகை ஆசனம் உண்டு. கடைக்காரர்கள் இதனைச் சொகுசுப் பொருளாகக் காட்டுகிறார்கள். பிறந்ததென்னவோ ஒரு நோயாளித் தந்தைக்காக.

மதுரையில் ஒரு கடைக்குச் சென்றோம். விற்பனையாளர் இளைஞர், இரவில் ஒளிரும் விளக்கு, துர்நாற்றம் போக்கும் விசிறி, ஆள் நெருங்கியதும் தானே திறக்கும் மூடி என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "வீட்டுக்கு வர்ற கெஸ்ட் எல்லாம் அசந்துடுவாங்க சார்" என்றார். விருந்தினரை அசத்தும் இடமா அது என்று எங்களுள் ஒருவர் மெல்லச் சொன்னது அவர் காதில் விழவில்லை. எங்களுக்கு வேண்டியவை மூன்றே. முதலாவது, ஆசனத்தோடு ஒட்டிய பொத்தான்கள் கூடாது. சுவரில் நாம் விரும்பிய பக்கம் மாட்டத்தக்க ரிமோட் வேண்டும். இரண்டாவது, கழுவிய பின் வெதுவெதுப்பான காற்றால் உலர்த்தும் அமைப்பு வேண்டும். ஏனெனில் துண்டை எடுத்துத் துடைப்பதும் கையின் வேலைதான், அதை விட்டுவைத்தால் பாதிக் கிணறு தாண்டியதாகும். மூன்றாவது, நீரின் வேகத்தை மிகக் குறைக்க இயல வேண்டும். முதியோரின் தோல் மெல்லியது.

ஆசனத்தைச் சூடாக்கும் வசதி எல்லாவற்றிலும் இருந்தது. மார்கழியிலும் வியர்க்கும் எங்கள் ஊரில் அது எதற்கு? அத்துடன், உணர்ச்சி குன்றிய உடலோடு நெடுநேரம் அமர்பவர்களுக்குக் குறைந்த சூடும் தோலைப் புண்ணாக்கக்கூடும் என்று கையேட்டிலேயே எச்சரித்திருந்தது. அம்மாவின் வலப்புறம் உணர்ச்சி குறைந்த பக்கம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சூட்டை நிறுத்திவிட்டோம்.

அளவெடுக்காமல் வாங்கலாகாது என்பதையும் இம்முறை அறிந்திருந்தோம். கம்மோட்டின் பின்புறம் ஆசனத்தை முடுக்கும் இரு துளைகளின் இடைத்தூரம் எங்களுடையதில் 15 செ.மீ.; துளைகளிலிருந்து முன்விளிம்பு வரை 43 செ.மீ.; துளைகளுக்கும் பின்னுள்ள தொட்டிக்கும் நடுவே 6 செ.மீ. இந்தக் கடைசி அளவை மறந்தால், கருவிகள் அடங்கிய பின்பகுதி தொட்டியில் இடித்துக்கொண்டு அமராது. முன்புறம் சதுரமான கம்மோடு உள்ளவர்களுக்கு வட்ட முகப்புள்ள ஆசனம் சரிவராது. இவ்வளவையும் காகிதத்தில் வரைந்து எடுத்துச் சென்றிருந்தோம். ஜப்பானில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் அங்கிருந்தே ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னதை நன்றியோடு மறுத்துவிட்டோம். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் ஒரு நொடியில் கதை முடிந்துவிடும்.

விலை 30,000 ரூபாயைத் தாண்டிற்று. நகைச்சீட்டில் சேர்த்திருந்த பணத்தை எடுத்தோம். "அந்தக் காசுக்குப் பேத்திக்கு ஒரு மோதிரம் போட்டிருக்கலாம்" என்று அம்மா வருந்தியதைக் கேளாதவர்போல் இருந்துவிட்டோம்.

வாங்கிய பின்னரும் நீரின் வேகம் பற்றிய சிக்கல் தீரவில்லை. கையேடு குறைந்தது 0.05 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும் என்றது. இதென்ன மொழி என்று திகைத்து, பிறகு விளங்கிக்கொண்டோம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டர்மீது ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும், அது 0.1 மெகாபாஸ்கல். ஆகவே வேண்டியது ஐந்து மீட்டர் உயரம். எங்களது மாடியில்லாத வீடு. மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் ஆசனத்திலிருந்து நான்கு மீட்டர்தான் இருந்தது. குழாயின் வளைவுகளில் அதிலும் கொஞ்சம் இழப்பு. பழைய ஆசனத்தில் நீர் சோர்ந்து வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. தொட்டியைத் தூக்கி வைக்கத் தூண் எழுப்புவதைவிடச் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றை அந்த ஒரு குழாயில் மட்டும் பொருத்துவது மலிவு என்று பிளம்பர் சொன்னார், அப்படியே செய்தோம்.

உப்புக்கு வழி? எங்கள் மாடியில் இரு தொட்டிகள் உண்டு. பெரியதில் ஆழ்துளைக் கிணற்று நீர். சிறியதில் மாநகராட்சி விடும் தாமிரபரணித் தண்ணீர், சமையலுக்கு மட்டும். அந்தச் சிறு தொட்டியிலிருந்து ஆசனத்துக்குத் தனிக் குழாய் இழுப்பது என்று முடிவு செய்தோம். கழிப்பறை நீர் எக்காரணத்தாலும் பின்னோக்கி அடுக்களைக் குழாய்க்கு ஏறிவிடாதபடி இடையில் ஓர் என்.ஆர்.வி. வால்வு. இதைக் கேட்ட அம்மா பதறிப்போனார்கள். தெருக்குழாயில் இரவு இரண்டு மணிக்கு வரிசையில் நின்று, குடத்துக்குக் குடம் சண்டையிட்டுத் தண்ணீர் பிடித்த தலைமுறை அல்லவா? "குடிக்கிற தண்ணியைக் கொண்டு போயி அங்க ஊத்தவா?" என்றார்கள். நாங்கள் ஒரு குவளையையும் அளவுச் சாடியையும் கொண்டுவந்து காட்டினோம். அந்த ஆசனம் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர்தான் செலவழிக்கிறது. நாம் அள்ளி ஊற்றும் குவளை ஒன்றிலேயே ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அம்மா சாடியை உற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

பொருத்திய நாளைப் பற்றி விரித்தால் பக்கங்கள் போதா. காலை பத்து மணிக்கு வந்த பிளம்பர், "ரெண்டு மணி நேர வேலை அண்ணாச்சி" என்றார். முன்பு முடுக்கியிருந்த டீயைக் கழற்ற ஸ்பானரை வைத்து ஓங்கித் திருப்பினார். உப்பரித்துப் போயிருந்த ஆங்கிள் வால்வின் கழுத்து, சுவருக்குள்ளேயே முறிந்தது. தண்ணீர் பீறிட்டது. மாடிக்கு ஓடிப் பெரிய தொட்டியின் கேட் வால்வை மூடினால், அதுவும் ஆண்டுக்கணக்கில் திருப்பாததால் முழுதும் அடைபடவில்லை. பிளம்பர் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்க, நாங்கள் இருவரும் வாளி வாளியாக அள்ளி ஊற்ற, தொட்டி வற்றும்வரை அந்தக் கோலம் நீடித்தது. சுவரின் ஓடுகள் இரண்டை உடைத்து, முறிந்த துண்டை எடுத்து, புதிதாக மரை வெட்டிப் பூசி, காயவிட்டு, வேலை முடிய இரண்டு நாள் ஆயிற்று. கேட் வால்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் திருப்பித் திறந்து மூட வேண்டும் என்பதை அன்று கற்றோம். வாசகர்கள் இந்த ஒன்றையாவது எங்களைப்போல் நனையாமலே கற்றுக்கொள்ளலாம்.

அந்த இரண்டு நாளும் அம்மாவுக்குப் படுக்கையில் பெட்பேன்தான். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "முடிஞ்சா சரி" என்று மட்டும் சொன்னார்கள்.

மின் இணைப்பில் நாங்கள் சிக்கனம் பார்க்கவில்லை. ஈரம் புழங்கும் இடத்தில் மின்சாரம் என்றால் நெஞ்சு நடுங்கத்தான் செய்கிறது. நீர் தெறிக்காத உயரத்தில், மூடியுள்ள மூன்று துளைப் பிளக், ஒழுங்கான எர்த், அத்துடன் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே கண்ணிமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்தபோது, எங்கள் வீட்டு எர்த் கம்பி மண்ணுக்குள் அரித்து அற்றுப்போய் எத்தனை ஆண்டாயிற்றோ தெரியவில்லை என்றார். இத்தனை காலம் துணி துவைக்கும் இயந்திரத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் எதை நம்பித் தொட்டுக்கொண்டிருந்தோம் என்று எண்ணிக் குலைநடுங்கிற்று. புதிதாகக் குழி தோண்டி எர்த் போட்டோம். குழாய், பம்ப், மின்வேலை என்று மேற்செலவு 14,000 ரூபாய்.

எல்லாம் முடிந்து சோதித்துப் பார்க்கும் நேரம். ஆசனத்தில் ஆள் அமர்ந்தாலன்றி நீர் வராதபடி உள்ளே ஓர் உணர்கருவி உண்டு. பிளம்பர் குனிந்து, ஆசனத்தின்மேல் உள்ளங்கையைப் பதித்து, மறு கையால் ரிமோட்டை அழுத்தினார். கையையே ஆள் என்று எண்ணிய கருவி தன் கடமையைச் செய்தது. நீர் நேராக அவர் முகத்தில்! வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்த அம்மா, "ஏ தம்பி, மூஞ்சி கழுவிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு அவர்கள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டோம்.

ரிமோட்டை இடப்புறச் சுவரில், எவர்சில்வர்க் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே மாட்டினோம். அதிலிருந்த எழுத்துகள் ஆங்கிலம். படங்களோ எங்களுக்கே விளங்கவில்லை. அம்மா ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவர்கள். பேத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். வேண்டாத பொத்தான்களை எல்லாம் வெள்ளை நாடாவால் மூடிவிட்டு, மூன்றை மட்டும் விட்டாள்: கழுவப் பச்சை, உலர்த்த மஞ்சள், நிறுத்தச் சிவப்பு. முதலில் சிவப்பைத்தான் அம்மாவுக்குப் பழக்கினோம். எதையும் நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் தொடங்கத் துணிவு வரும் போலும். சேலையை விட்டு நைட்டிக்கு மாற அவர்கள் இசைந்தது இதற்கு முன்பே நடந்த வேறொரு போராட்டம். அதனை இங்கே எழுதினால் எங்களை மன்னிக்கமாட்டார்கள்.

முதல் இரண்டு நாள் மருமகள் கதவருகே நின்றார். மூன்றாம் நாள், உள்ளே சென்ற அம்மா, திரும்பிப் பார்த்து, "நீ போ பிள்ள" என்றார்கள். ஊன்றுகோலைச் சாய்த்து வைக்கும் ஓசை கேட்டது. பிறகு கதவு சாத்தப்பட்டது. தாழிட வேண்டாம் என்பது மட்டும் எங்கள் ஒப்பந்தம். விழுந்துவிட்டால் உடைக்க வேண்டுமே. நாங்கள் இருவரும் கூடத்தில் நின்றுகொண்டு, பேசாமல், அந்தச் சிறு பம்ப் ஓடும் ஓசையையும் காற்று வீசும் ஓசையையும் கேட்டுக்கொண்டிருந்தோம். கழிப்பறைக் கதவுக்கு வெளியே அப்படி நின்றவர்களைக் கண்டால் எவரும் நகைப்பர்.

இக்கருவியால் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லமாட்டோம். மின்சாரம் போனால் அது வெறும் பிளாஸ்டிக். நீரைச் சூடாக்குவதை நிறுத்திவிட்டால் எங்கள் சிறிய இன்வெர்ட்டர் அதைத் தாங்குகிறது. சித்திரை, வைகாசியில் தொட்டி நீரே கொதிப்பதால், அப்போது சூடு தேவைப்படுவதில்லை. அந்த மாதங்களில் நடுப்பகல் நீர் சுடுகிறது என்பதுதான் புதிய புகார். ஆற்றித் தரும் வசதி இக்கருவியில் இல்லை. மாதம் ஒருமுறை பீய்ச்சும் முனையை வெளியே இழுத்து, வினிகரில் தோய்த்த பழைய பல்துலக்கியால் துடைக்க வேண்டும். குழாயின் வடிகட்டி வலையையும் கழற்றி அலச வேண்டும். சில நாள் இரண்டு முறை பச்சையை அழுத்த நேர்கிறது. வயிறு கெட்ட நாளில் உதவிக்கு ஆள் வேண்டித்தான் இருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு திருமணத்துக்கு அழைத்தபோது, "அங்க இது கிடையாதே" என்று அம்மா வர மறுத்துவிட்டார்கள். வெளியூருக்கு எடுத்துச் செல்லக் கையால் அமுக்கிப் பீய்ச்சும் குப்பி ஒன்று உண்டு, வாங்கி வைத்திருக்கிறோம், இன்னும் அதை அவர்கள் ஏற்கவில்லை.

ஆனால் இரவு உணவு வந்துவிட்டது. செம்பில் தண்ணீர் குறைகிறது. மாலைக் காப்பி தாமதமானால் குரல் வருகிறது.

கை பற்றிய பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. வாதிட்டு வென்றதில்லை என்பதால் விட்டுவிட்டிருந்தோம். ஆசனம் வந்து ஆறேழு வாரம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், சீலா மீன் குழம்பு. தட்டை அறைக்கு எடுத்துச் செல்ல எழுந்தபோது, ஊன்றுகோலின் ஓசை கூடத்தை நோக்கி வந்தது. அம்மா வந்து, பழைய நாற்காலியில், பேரன் பக்கத்தில் அமர்ந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுள் ஒருவர் வெறுமனே தட்டை அவர்கள் முன்னே வைத்தார். இடக்கையால் சோற்றைப் பிசைந்தார்கள். விரல்கள் அந்த வேலைக்குப் புதியவை, சோறு சிதறிற்று. மீனின் முள்ளை நெடுநேரம் தேடி எடுத்து ஓரமாக வைத்தார்கள். பிறகு ஓர் உருண்டை திரட்டி, சற்றே தயங்கி, பேரனிடம் நீட்டினார்கள். அவனுக்கு வயது பதினொன்று. ஊட்டி உண்ணும் வயது கடந்துவிட்டது. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

அடுத்த கவளத்தைத் தாம் உண்டு, மென்று, மருமகளைப் பார்த்து அம்மா சொன்னார்கள்: "உப்பு ஒரு கல்லு கூடப் போட்டிருக்கலாம்."